வீட்டுக்குள் ஒரு போட்டி: அமெரிக்க முதனிலைத் தேர்தலும் கட்சி விசுவாசமும்

தேர்தல் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது, இரு கட்சிகள் எதிரெதிரே நின்று பொருதும் காட்சியே. கொடி வேறு, சின்னம் வேறு, கொள்கை வேறு. ஆதலால் போட்டியும் இயல்பே. ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் நான்காண்டுக்கு ஒருமுறை வரும் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பாக, ஒரே கொடியின் கீழ் நிற்போரிடையே மற்றொரு போட்டி நடைபெறுகிறது. கட்சியின் அபேட்சகர் யார் என்பதைத் தீர்மானிக்கும் இப்போட்டியில், நேற்றுவரை தோளோடு தோள் நின்று உழைத்தவர்கள் ஐந்தாறு மாத காலம் ஒருவரையொருவர் கடிந்து பேசுகின்றனர். பின்னர் ஒருநாள், போட்டி முடிந்தது, இனி எல்லோரும் ஒன்றாகப் பணியாற்றுவோம் என்ற அழைப்பு வருகிறது. அவ்வழைப்பை ஏற்றுத் திரும்பி வருவோர் எத்தனை பேர்? வராதோர் எத்தனை பேர்? வராமைக்குக் காரணம் என்ன? இவ்வினாக்களையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

அமெரிக்கர் இத்தேர்தலைப் 'பிரைமரி' என்பர். ஆரம்பப் பள்ளியைக் குறிக்கும் சொல்லும் அதுவே ஆதலால், 'ஆரம்பத் தேர்தல்' என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் பொதுத் தேர்தலின் முதற்பகுதி இது என்ற தவறான எண்ணத்தை அது தந்துவிடும். ஆகவே 'முதனிலைத் தேர்தல்' என்ற பெயரையே நாம் இங்கு கையாளுகிறோம்.

நம் நாட்டில் ஒரு தொகுதிக்குக் கட்சியின் அபேட்சகர் யார் என்பதைப் பெரும்பாலும் கட்சியின் தலைமையே முடிவு செய்கிறது. வாக்காளர் அப்பெயரைப் பத்திரிகையிலே பார்த்துத் தெரிந்துகொள்கிறார். அமெரிக்காவிலோ அம்முடிவைச் செய்பவர் வாக்காளரே. கட்சிக்குள் ஏற்படும் பிளவு அங்கே தலைவர்களின் அறையோடு நின்றுவிடாமல் வீதிக்கும் வீட்டுக்கும் பரவுவதற்கு இதுவே காரணம்.

நடைபெறும் முறை

அபேட்சகரை இறுதியாக அறிவிப்பது, கோடைக் காலத்திலே கூடும் கட்சியின் தேசிய மகாநாடு. அம்மகாநாட்டுக்கு ஒவ்வொரு ராஜ்யத்திலிருந்தும் பிரதிநிதிகள் வருவர். எந்தப் போட்டியாளருக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பதை நிர்ணயிப்பதே முதனிலைத் தேர்தலின் வேலை. இது நாடெங்கும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஓரிரு சிறு ராஜ்யங்களில் தொடங்கி, ஜூன் மாதம் வரை ராஜ்யம் ராஜ்யமாக நடந்துகொண்டே போகும். சில ராஜ்யங்களில் வாக்குச் சீட்டு இராது. அக்கம்பக்கத்தார் ஓர் இடத்தில் கூடிப் பேசித் தம் விருப்பத்தைத் தெரிவிப்பர். இதற்குக் 'காக்கஸ்' என்று பெயர்.

ஜனநாயகக் கட்சியில் 15 சதவீத வாக்கேனும் பெற்றவர்களுக்கே பிரதிநிதிகள் உண்டு. அவர்களுக்கு வாக்கு விகிதப்படி இடங்கள் பகிர்ந்தளிக்கப்படும். குடியரசுக் கட்சியிலோ, முதலிடம் பெற்றவருக்கே அனைத்தையும் கொடுத்துவிடும் ராஜ்யங்களும் உண்டு. இவ்வேறுபாடு சிறிதன்று. விகிதப்படி பகிரும் முறையில் இருவர் ஏறத்தாழச் சம பலத்துடன் நின்றால், போட்டி எளிதில் முடியாது. ஒருவர் வெற்றிக்கு மேல் வெற்றி பெற்றாலும் மற்றவர் பின்தொடர்ந்துகொண்டே வருவார். சண்டை நீள நீள மனக்கசப்பும் வளரும்.

'கட்சி விசுவாசம்' என்ற சொல்லுக்கு அங்கே உள்ள பொருளும் நாம் அறிந்ததன்று. பல ராஜ்யங்களில் வாக்காளர் தம் பெயரைப் பதிவு செய்யும்போதே, தாம் இன்ன கட்சியைச் சேர்ந்தவர் என்றும் பதிந்துகொள்ளலாம். அதற்குச் சந்தா இல்லை, பிரமாணமும் இல்லை. சில ராஜ்யங்களில் அவ்வாறு பதிந்தவர்கள் மட்டுமே அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கலாம். வேறு சில ராஜ்யங்களில் விரும்பிய எவரும் எக்கட்சியின் முதனிலைத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். ஆகவே அங்கே வாக்களிப்போர் எல்லோரும் அக்கட்சிக்கே உரியவர்கள் என்று கொள்வதற்கில்லை. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் பயன்படும்.

கதவடைத்ததன் விளைவு

முதனிலைத் தேர்தல் பழமையான ஏற்பாடன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அபேட்சகரைத் தேர்ந்தெடுத்தவர்கள் கட்சித் தலைவர்களே. 1912ஆம் ஆண்டில்தான் முதன்முறையாகப் பன்னிரண்டுக்குக் குறையாத ராஜ்யங்களில் இத்தேர்தல் நடைபெற்றது. முதல் ஆண்டிலேயே ஒரு பெரும் பிளவும் நேர்ந்தது.

அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் குடியரசுக் கட்சியின் வில்லியம் டாஃப்ட். அவருக்கு முன் பதவி வகித்தவரும், அவரைத் தம் வாரிசாகத் தேர்ந்தவருமான தியோடோர் ரூஸ்வெல்ட்டே அவரை எதிர்த்துக் களத்தில் இறங்கினார். முதனிலைத் தேர்தல் நடந்த ராஜ்யங்களில் பெரும்பாலானவற்றில் ரூஸ்வெல்ட் வென்றார். டாஃப்ட்டின் சொந்த ராஜ்யமான ஒஹையோவிலும் அவருக்கே வெற்றி. ஆனால் மற்ற ராஜ்யங்களின் பிரதிநிதிகள் பழைய முறைப்படி தலைவர்களால் நியமிக்கப்பட்டவர்கள். சிகாகோ மகாநாட்டில் எந்தப் பிரதிநிதி செல்லுபடியானவர் என்ற தகராறு எழுந்தபோது, டாஃப்ட் பக்கத்தாரின் கையே ஓங்கியது. அபேட்சகர் பதவி டாஃப்ட்டுக்குச் சென்றது. ரூஸ்வெல்ட்டும் அவருடைய ஆதரவாளர்களும் வெளியேறித் தனிக்கட்சி கண்டனர்.

நவம்பரில் மக்கள் அளித்த வாக்குகளில் ரூஸ்வெல்ட்டும் டாஃப்ட்டும் பெற்றவற்றைக் கூட்டினால் பாதிக்குச் சற்று அதிகமாகவே வரும். எனினும் 42 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்ற ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சனே ஜனாதிபதியானார். பதவியில் இருந்த டாஃப்ட் மூன்றாம் இடத்துக்குப் போனார்.

இதை ஒத்த மற்றொரு நிகழ்ச்சி 1968இல் ஜனநாயகக் கட்சியில் நேர்ந்தது. அப்போதைய பிளவுக்குக் காரணம் வியட்நாம் போர். மார்ச் மாதத்தில் நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில், போரை எதிர்த்து நின்ற யூஜீன் மெக்கார்த்தி 42 சதவீத வாக்குகளைப் பெற்றார். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 49 சதவீதம் பெற்று வென்றபோதிலும், அவ்வெற்றி தோல்வி போலவே கருதப்பட்டது. அம்மாத இறுதியில் ஜான்சன் தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். போர் எதிர்ப்பாளர்களின் மற்றொரு நம்பிக்கையாக நின்ற ராபர்ட் கென்னடி, ஜூன் மாதத்தில் கலிபோர்னியாவில் வென்ற அன்றிரவே சுடப்பட்டு, மறுநாள் உயிர் நீத்தார்.

ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய மகாநாடு தேர்ந்தெடுத்தது, ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாத உபஜனாதிபதி ஹூபர்ட் ஹம்ப்ரியை. மண்டபத்துக்கு வெளியே போர் எதிர்ப்பாளர்களும் போலீசாரும் மோதிக்கொண்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மாதக்கணக்கில் வீடு வீடாகச் சென்று உழைத்த இளைஞர்களுக்கு, தங்கள் வாக்குக்கு மதிப்பே இல்லை என்ற எண்ணம் உண்டாயிற்று. நவம்பரில் ஹம்ப்ரி, குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்சனிடம் ஏறத்தாழ 5 லட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார்.

கட்சி இதனால் ஒரு பாடம் கற்றது. பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை மாற்றி அமைத்தது. 1972 முதல், முதனிலைத் தேர்தல்களில் மக்கள் தரும் தீர்ப்பே அபேட்சகரை நிர்ணயிப்பது என்ற நிலை ஏற்பட்டது. ஆயினும் தலைவர்களுக்கும் ஓரளவு இடம் வேண்டும் என்று கருதி, 1984ஆம் ஆண்டுத் தேர்தல் முதல், கட்சியின் காங்கிரஸ் உறுப்பினர்கள், கவர்னர்கள் முதலியோருக்குத் தாம் விரும்பியவருக்கு வாக்களிக்கும் தனி உரிமை அளிக்கப்பட்டது. இத்தகைய 'தனியுரிமைப் பிரதிநிதிகள்' பின்னர் ஒரு பெரிய விவாதத்துக்குப் பொருளாயினர்.

2008: ஐந்து மாதப் போர்

கட்சி விசுவாசத்தின் இயல்பை அறிய 2008ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலைப் போன்ற சான்று வேறில்லை. ஜனவரி 3ஆம் தேதி அயோவாவில் பராக் ஒபாமா வென்றார். ஐந்து நாட்களுக்குப் பின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹில்லாரி கிளிண்டன் வென்றார். அன்று தொடங்கிய இழுபறி ஜூன் 3 வரை ஓயவில்லை. நாடெங்கும் இருவரும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் மூன்றரைக் கோடி அளவுக்கு வரும். அதில் ஏறத்தாழச் சரிபாதி இவருக்கு, சரிபாதி அவருக்கு.

இருவருடைய கொள்கைகளுக்கும் இடையே பெரிய வேற்றுமை இருந்ததாகக் கூறுவதற்கில்லை. ஈராக் போர் குறித்து இருவரும் முன்னர் கொண்டிருந்த நிலை வேறு என்பதே முக்கியமானது. ஆயினும் வாக்காளர்கள் கூறுகூறாகப் பிரிந்தனர். கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோரும், இளைஞர்களும், கல்லூரிப் படிப்பு முடித்தோரில் பலரும் ஒபாமாவின் பக்கம். வயது முதிர்ந்த பெண்களும், வெள்ளையரில் உழைப்பாளி வர்க்கத்தினரும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் கிளிண்டனின் பக்கம். இந்நாட்டின் முதல் கறுப்பின ஜனாதிபதியா, முதல் பெண் ஜனாதிபதியா என்ற வினா, ஒரே கட்சியின் இரு நீண்டகால வேட்கைகளை ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தியது. தாயின் வாக்கு ஒருவருக்கும் மகளின் வாக்கு மற்றவருக்குமாகப் பிரிவதற்கு இது இடந்தந்தது.

கசப்பை மிகுதிப்படுத்திய விஷயம் ஒன்றுண்டு. மிச்சிகன், ஃபுளோரிடா ஆகிய இரு ராஜ்யங்கள், கட்சி விதித்த கால அட்டவணையை மீறி ஜனவரியிலேயே தேர்தல் நடத்தின. தண்டனையாக அவற்றின் பிரதிநிதிகள் அனைவரையும் கட்சி நீக்கியது. மிச்சிகனில் ஒபாமாவின் பெயரே வாக்குச் சீட்டில் இல்லை. இரண்டிலும் முதலிடம் பெற்றவர் கிளிண்டன். அந்த வாக்குகளை எண்ணாது விடுவது அநீதி என்றனர் ஒரு சாரார். விதியை அறிந்தே மீறியவர்களுக்குப் பரிசு கொடுப்பதா என்றனர் மற்றொரு சாரார். மே 31ஆம் தேதி கட்சியின் விதிமுறைக் குழு, இரு ராஜ்யப் பிரதிநிதிகளுக்கும் தலைக்கு அரை வாக்கு என்று முடிவு செய்தபோது, கூட்டத்திலேயே கூச்சல் எழுந்தது.

அந்நாட்களில் வாக்காளர்களின் மனநிலை எவ்வாறு இருந்தது? மார்ச் மாதத்தில் கேலப் நிறுவனம் வெளியிட்ட கருத்துக் கணிப்பின்படி, ஒபாமா அபேட்சகரானால் தாம் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெயினுக்கே வாக்களிப்போம் என்று கிளிண்டன் ஆதரவாளர்களில் 28 சதவீதத்தினர் கூறினர். கிளிண்டன் அபேட்சகரானால் அவ்வாறே செய்வோம் என்று ஒபாமா ஆதரவாளர்களில் 19 சதவீதத்தினர் கூறினர். இந்த எண்களைக் கண்டோர், கட்சி உடைந்துவிட்டது என்றே எண்ணினர்.

பிரிந்தவர் கூடிய விதம்

ஜூன் 3ஆம் தேதி, தேவையான 2,118 பிரதிநிதிகள் என்ற எல்லையை ஒபாமா கடந்தார். நான்கு நாட்கள் கழித்து, ஜூன் 7ஆம் தேதி, கிளிண்டன் தம் பிரசாரத்தை நிறுத்திக்கொண்டு, ஒபாமாவுக்குத் தம் முழு ஆதரவையும் வெளிப்படையாக அறிவித்தார். ஜூன் 27ஆம் தேதி இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். அதற்குத் தேர்ந்தெடுத்த ஊர், நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள யூனிட்டி என்னும் சிற்றூர். அப்பெயருக்கு 'ஒற்றுமை' என்று பொருள். பெயர்ப் பொருத்தம் மட்டுமன்று. ஜனவரியில் அவ்வூர் மக்கள் ஒபாமாவுக்கு 107 வாக்குகளும் கிளிண்டனுக்கு 107 வாக்குகளும் அளித்திருந்தனர்.

மேடைக் காட்சியோடு நின்றிருந்தால் பயன் சிறிதே. பிரசாரத்தில் கிளிண்டனுக்கு ஏற்பட்ட கடனை அடைக்க உதவுமாறு ஒபாமா தம் ஆதரவாளர்களையே கேட்டுக்கொண்டார். தம் வெற்றி உறுதியான பின், மிச்சிகன், ஃபுளோரிடா பிரதிநிதிகளுக்கு முழு வாக்கையும் திருப்பித் தர வேண்டும் என்று அவரே விண்ணப்பித்தார். மகாநாடு தொடங்குமுன் அவ்வாறே செய்யப்பட்டது. ஆகஸ்டில் டென்வர் நகரில் கூடிய மகாநாட்டில் கிளிண்டனின் பெயரும் முறைப்படி முன்மொழியப்பட்டது. ராஜ்யவாரியாக வாக்குகள் கூறப்பட்டு வருகையில், நியூயார்க்கின் முறை வந்ததும் கிளிண்டனே எழுந்து, ஒபாமாவை ஏகமனதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். தோற்றவர்கள் தங்கள் வாக்கு கணக்கில் வந்ததைக் கண்ட பிறகே ஒற்றுமைக்கு அழைக்கப்பட்டனர் என்பது இங்கு கருதத்தக்கது.

எதிர்த் தரப்பும் வாளாவிருக்கவில்லை. மகாநாடு முடிந்த மறுநாளே மெக்கெயின், ஸாரா பேலின் என்ற பெண்மணியைத் தம் உபஜனாதிபதி அபேட்சகராக அறிவித்தார். அவர் தம் முதற்பேச்சிலேயே கிளிண்டனின் முயற்சியைப் புகழ்ந்தார். மனவருத்தம் கொண்ட பெண் வாக்காளரை ஈர்க்கும் நோக்கம் வெளிப்படையாகவே தெரிந்தது.

நவம்பர் மாதத்தில் நடந்தது என்ன? வாக்குச் சாவடிகளில் எடுக்கப்பட்ட கணிப்பின்படி, கிளிண்டனை விரும்பியிருந்த ஜனநாயகக் கட்சியினரில் ஏறத்தாழ ஆறில் ஐவர் ஒபாமாவுக்கே வாக்களித்தனர். வேறு சில ஆய்வுகள், மாறி வாக்களித்தோரின் தொகையை இதனினும் அதிகமாகவே மதிப்பிடுகின்றன. எப்படியாயினும் பெரும்பாலோர் திரும்பி வந்தனர். ஒபாமா 53 சதவீத அளவு வாக்குகளுடன் வென்று, கிளிண்டனைத் தம் வெளிநாட்டமைச்சராக நியமித்தார். செப்டம்பரில் நிதி நிறுவனங்கள் சரிந்து நாட்டின் பொருளாதாரம் ஆட்டங்கண்டதும் அவ்வெற்றிக்குத் துணை செய்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிழைப்பைப் பற்றிய கவலை வந்தபோது, வசந்த காலத்துக் கோபம் பின்னுக்குப் போயிற்று.

எண்ணிக்கை கூறுவதும் கூறாததும்

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். 2016இல் பெர்னி சாண்டர்ஸுக்கும் ஹில்லாரி கிளிண்டனுக்கும் இடையே நடந்த போட்டியின் கசப்பே நவம்பர் தோல்விக்குக் காரணம் என்று பலர் கூறுவர். ஒரு பெரிய ஆய்வின்படி, சாண்டர்ஸை ஆதரித்தோரில் டொனால்ட் டிரம்புக்கு வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 12 சதவீதம். 2008இல் கட்சி மாறி வாக்களித்தோரின் விகிதத்தை விட இது அதிகமன்று, குறைவே. அன்றியும், அவர்களுள் பலர் முன்பிருந்தே தம்மை ஜனநாயகக் கட்சியினராகக் கருதாதவர்கள். நாம் முன்பு நினைவில் வைக்க வேண்டிய விஷயம் என்று கூறியது இதுவே. முதனிலைத் தேர்தலில் ஒருவர் வாக்களித்ததனாலேயே அவர் அக்கட்சிக்குக் கடமைப்பட்டவர் என்று கொள்வது பிழை.

எனினும் 2016இல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று ராஜ்யங்களையும் சேர்த்து வெற்றியை நிர்ணயித்த வாக்குகள் 80,000க்கும் குறைவே. இத்தகைய நெருக்கத்தில், சிறு தொகையினர் விலகினாலும் முடிவு மாறக்கூடும். அவ்வாண்டில் தனியுரிமைப் பிரதிநிதிகளில் மிகப் பெரும்பாலோர் கிளிண்டன் பக்கம் நின்றனர். மகாநாடு கூடும் தறுவாயில், கட்சி அலுவலகத்தின் கடிதங்கள் களவாடப்பட்டு வெளியாகி, அலுவலர் சிலர் சாண்டர்ஸுக்குப் பாதகமான மனப்பான்மை கொண்டிருந்ததைக் காட்டின. கட்சித் தலைவர் பதவி விலக நேர்ந்தது. முதனிலைத் தேர்தல்களில் கிளிண்டன் பெற்ற வாக்குகளே அதிகம். ஆயினும், நடுவர் ஒருபக்கம் சாய்ந்தார் என்ற எண்ணம் தோற்றவர் மனத்தில் தங்கிவிட்டது. கட்சி அதை உணர்ந்தே 2018இல் விதியை மாற்றியது. போட்டி நிலவும்போது, மகாநாட்டின் முதற்சுற்று வாக்கெடுப்பில் தனியுரிமைப் பிரதிநிதிகள் கலந்துகொள்ளலாகாது என்பது அம்மாற்றம்.

பகைமை நிலையானதன்று என்பதற்கு நம்மவர் அறிந்த ஒரு சான்றையும் கூறலாம். 2019 ஜூன் மாதத்தில் நடந்த விவாத மேடையில் ஜோ பைடனைக் கமலா ஹாரிஸ் கடுமையாகத் தாக்கிப் பேசினார். டிசம்பரில் போட்டியிலிருந்து விலகினார். மறு ஆகஸ்டில் அதே பைடன் அவரைத் தம் உபஜனாதிபதி அபேட்சகராகத் தேர்ந்தெடுத்தார். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் சென்னையிற் பிறந்தவர். மத்திய சர்க்கார் அதிகாரி ஒருவரின் மகளாக டில்லியிலே கல்லூரிப் படிப்பு முடித்து, பின்னரே அமெரிக்கா சென்றவர். அலுவலின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதாகத் தோன்றாது.

தொகுத்துக் கூறுமிடத்து, கோபத்திலே வாக்காளர் சொல்வது வேறு, வாக்குச் சாவடியிலே செய்வது வேறு என்பதை 2008 காட்டுகிறது. அவர்களைத் திரும்ப அழைத்து வருவது கட்டளையன்று. தோற்றவர் மனமுவந்து பேசும் சொல், வென்றவர் காட்டும் பெருந்தன்மை, இடையே கிடைக்கும் சில மாத அவகாசம், எதிர்க்கட்சியோடு ஒப்பிட்டு நோக்கும் நிதானம் ஆகியவையே. இவையனைத்துக்கும் அடிப்படையாக, எண்ணிக்கை நேர்மையாக நடந்தது என்ற நம்பிக்கை வேண்டும். 1912இலும் 1968இலும் இல்லாமற்போனது அதுவே.

கட்சி விசுவாசம் என்பதை, வாய்மூடிப் பணிந்து நடப்பது என்று கொள்வோர் எங்கும் உண்டு. தம் கட்சிக்குள்ளேயே ஒருவரை எதிர்த்து வாக்களித்து, தோற்று, பின்னர் அவருக்கே வாக்களித்த அந்தப் பல லட்சம் மக்களின் விசுவாசம் அத்தகையதன்று. அவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது, அக்கருத்து எண்ணப்பட்டது. கேட்காமலும் எண்ணாமலும் விசுவாசத்தை மட்டும் எதிர்பார்த்த கட்சிகளுக்குக் கிடைத்த விடையையும் அந்நாட்டு வரலாறே பதிவு செய்து வைத்திருக்கிறது.